சோழிக் கணக்கும் வானத்துச் சான்றும்

நம் இலக்கிய வட்டம் முழுநிலா நாளில் கூடுவதை வழக்கமாகக் கொண்டது. ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவு வரை சராசரியாக 29.53 நாள் செல்கிறது. அவ்வாறாயின் வட்டம் தோன்றிய நாளிலிருந்து இப்பத்தாண்டு நிறைவு வரை வானில் 123 முழுநிலவுகள் வந்து போயிருக்கின்றன. அவற்றுள் சில மழையில் மறைந்தன. சில மின்தடையின்போது நமக்கு விளக்காகவும் நின்றன. கவிதைக்காகவே நிலவை அண்ணாந்து பார்த்துப் பழகிய நாம், இம்மலரிலேனும் அதன் நடையை ஒருமுறை ஆராய்ந்து பார்ப்பது பொருத்தமாகும்.

இக்கட்டுரைக்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டத்தில் தமிழர் வானியல் குறித்து உரையாற்றினேன். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைத் தமிழ்க் கணிதமுறை 41 வினாடி பிழையுடன் கூறியது; ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையோ 68 வினாடி பிழைபட்டது. இச்செய்தியை நான் கூறியதும் அவையில் கைதட்டல் எழுந்தது. கூட்டம் முடிந்தபின் இயற்பியல் பயிலும் மாணவி ஒருத்தி தயங்கியபடி அருகில் வந்து, "அம்மா, அது ஒரே ஒரு கிரகணம்தானே? மற்றக் கிரகணங்களில் கணக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. முனைவர் பட்டத்திற்காக ஆண்டுக்கணக்கில் ஏடுகளைப் புரட்டிய நான், ஒற்றைச் சான்றை வைத்துக்கொண்டு கைதட்டல் பெற்றதை எண்ணி அன்றிரவு வெட்கமுற்றேன். அம்மாணவியின் வினாவுக்குக் காலந்தாழ்ந்து வரும் விடையே இது.

புதுச்சேரிக்கு வந்த வானியலார்

சுக்கிரன் சூரியனைக் குறுக்காகக் கடக்கும் அரிய காட்சியைக் காண்பதற்காகப் பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தில் 1760இல் தாயகத்தை விட்டுக் கப்பலேறினார். புதுச்சேரியில் நின்று 1761 ஜூன் 6ஆம் நாளின் நிகழ்ச்சியை அளப்பது அவர் திட்டம். அதற்குள் நகர் ஆங்கிலேயர் கைப்பட்டது. ஆடும் கப்பலின் மேல்தளத்திலிருந்து அவர் கண்ட காட்சி எந்தக் கணக்கிற்கும் பயன்படவில்லை. அடுத்த கடப்பு 1769இல். அதற்காகக் கீழ்த்திசையிலேயே தங்கிவிட்டார். 1768இல் புதுச்சேரியை அடைந்தார். காத்திருந்த நாள் வந்தது. வானத்தை மேகம் மூடிக்கொண்டது. 1771இல் அவர் தாயகம் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்றே ஊரார் கருதியிருந்தனர்.

அவர் புதுச்சேரியில் கழித்த காலம் வீண் போகவில்லை. உள்ளூர்த் தமிழ்க் கணியர் கிரகணத்தைக் கணிக்கும் முறையை அவர் கேட்டுப் பயின்றார். பாரிசு அறிஞர் கழகத்தின் வெளியீட்டில் அதனை விரிவாக எழுதினார். 41 வினாடி என்னும் புகழ்பெற்ற செய்தி அவர்வழி வந்ததே. அக்கணக்கோடு அவர் ஒப்பிட்டது ஜெர்மானியரான டோபியாஸ் மேயரின் நிலவு அட்டவணை. கடலில் கப்பலின் இருப்பிடத்தை அறிய உதவிய அவ்வட்டவணைக்காக, 1765ஆம் ஆண்டிலேயே மேயரின் மனைவிக்கு ஆங்கில அரசு 3,000 பவுண்டு பரிசளித்தது. அத்தகைய அட்டவணையோடு தோளொத்து நின்ற தமிழ்க் கணக்கு எளியதன்று. அதில் பெருமை கொள்வது தவறாகாது. பெருமையோடு நின்றுவிடுவதுதான் தவறு.

சொல்லே எண்ணாக

நிலவின் நடை ஒரே சீரானதன்று. அது நிலவுலகை வட்டமாகச் சுற்றாமல் நீள்வட்டமாகச் சுற்றுகிறது. அண்மையில் ஏறத்தாழ 3,63,000 கிலோமீட்டரும், சேய்மையில் ஏறத்தாழ 4,05,000 கிலோமீட்டரும் தொலைவுடையது. அண்மையில் விரைந்தும் சேய்மையில் தளர்ந்தும் செல்லும். நாளொன்றுக்கு 12 பாகை முதல் 15 பாகை வரை அதன் நடை மாறுகிறது. அண்மை நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அண்மை நிலையை அடைய அதற்கு 27.5546 நாள் ஆகிறது.

இந்தப் பின்னத்தைக் கையாள முன்னோர் கண்ட வழி வியக்கத்தக்கது. 27.5546ஐ ஒன்பதால் பெருக்கினால் 247.99 வருகிறது. அதாவது ஒன்பது சுற்றுகள் ஏறத்தாழ 248 முழுநாள்களுக்கு இணையாகின்றன. ஆகவே 248 நாள்களுக்கும் நிலவு எங்கெங்கு நிற்கும் என்று ஒருமுறை கணித்து வைத்துவிட்டால், 249ஆம் நாள் முதல் அதே வரிசை திரும்ப வரும். இந்த 248 எண்களையும் 248 சிறு தொடர்களாக்கி மனப்பாடம் செய்தனர். இவையே 'வாக்கியங்கள்'. வரருசி என்பார் பெயரால் இவை வழங்குகின்றன. கடபயாதி என்னும் முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஓர் எண் உண்டு. க, ட, ப, ய ஆகிய நான்கும் ஒன்றைக் குறிக்கும். ஏனையவை வரிசைப்படி தொடரும். பொருளுள்ள வடமொழித் தொடராகச் செவியில் விழுவது, அறிந்தவருக்கு நிலவின் பாகையும் கலையுமாக விரியும். இலக்கியம் பயில்வோருக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. ஏடும் எழுத்தாணியுமின்றி நாவிலேயே வானம் காக்கப்பட்டது.

இனி, 248 என்பது மிகத் துல்லியமான எண்ணன்று. ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 13 நிமிடம் மிகுந்துவிடும். முன்னோர் இதையும் அறிந்திருந்தனர். 110 சுற்றுகளுக்கு 3,031 நாள் என்று மற்றொரு சுழற்சியைச் சேர்த்தனர். இதில் வரும் பிழை ஒரு நிமிடத்திற்கும் குறைவு. 449 சுற்றுகளுக்கு 12,372 நாள் என்னும் மூன்றாவது சுழற்சியும் உண்டு. எட்டு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் ஒரு நிமிடமும் பிறழாத எண்ணைக் கண்டவர்கள் வானத்தை நெடுங்காலம் உற்று நோக்கியிருக்கவேண்டும், அல்லது அவ்வாறு நோக்கியவரிடமிருந்து பெற்றிருக்கவேண்டும். 248 என்னும் எண் பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் கிரேக்கத் தாள்களிலும் காணப்படுகிறது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையிலும் உள்ளது. கணிதத்திற்கு ஊரெல்லை இல்லை.

ஐம்பத்திரண்டு நிமிடம்

லெ ஜாந்திலுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து மற்றொருவர் இம்முறையை ஆராய்ந்தார். பிரெஞ்சு மரபினரும், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவருமான ஜான் வாரன் 1825இல் 'காலசங்கலிதம்' என்னும் பெருநூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கிடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தை அவர் முன்னிலையில் கணித்துக் காட்டினார். கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பினார். வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே சோழிகளைக் கூட்டியும் நீக்கியும் நகர்த்தினார். எதையும் எழுதவில்லை. கிரகணத்தின் நேரங்கள் தரையில் தோன்றின.

வாரன் வியந்தார், வியந்ததோடு ஒன்றைக் குறித்தும் வைத்தார். அக்கணிதரின் நினைவாற்றல் பெரிது. ஆனால் தாம் செய்யும் கணக்கு ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்னும் கோட்பாட்டை அவர் அறிந்திருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபவர் அக்கணக்கை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். 1952இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பே தமிழர் வானியல் என்பதுதான். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் கணக்கு பிழைபட்டிருந்தது. 1765இல் 41 வினாடியே தவறிய அதே அளவு, கிரகணம் நீடிக்கும் நேரம், 1825இல் முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகத் தவறிவிட்டது. பிழையைவிட, பல நூற்றாண்டுக்கு முந்தைய கணக்கு முறையொன்று வாழும் மனிதரின் நாவில் தொடர்ந்ததே நாய்கெபவருக்குப் பெரிதாகத் தோன்றியது. நமக்கும் அது பெரிதே. ஆயினும் மாணவியின் வினாவுக்குரிய விடை இங்கேதான் இருக்கிறது.

அறிவியல் முறையின் முதற்பாடம் இதுவே. ஒரு முறை பொருந்திவிட்டது என்பது நன்மொழி, சான்று ஆகாது. ஒன்றையொன்று ஈடுசெய்யும் இரு பிழைகளாலும் சரியான விடை வரலாம். ஒற்றைக் கிரகணத்தைக் கொண்டு முறை முழுவதையும் புகழ்வதும், ஒற்றைக் கிரகணத்தைக் கொண்டு இகழ்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். 41 வினாடியை மேடையில் சொல்பவர் 52 நிமிடத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை.

நிலவு விரைந்ததா, நிலம் தளர்ந்ததா?

பிழையை மறைக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் அது எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கு நிலவின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1695இல் எட்மண்ட் ஹேலி பழங்காலக் கிரகணப் பதிவுகளைத் தம் காலக் கணக்கோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தவில்லை. நிலவு பண்டைக் காலத்தைவிட இப்போது விரைந்து செல்வதாக ஐயுற்றார். 1749இல் டன்தார்ன் அந்த விரைவை அளந்தார். 1787இல் மாமேதை லாப்பிளாஸ் காரணம் கூறினார்: பிற கோள்களின் ஈர்ப்பால் நிலவுலகின் பாதை மெல்ல மெல்ல வட்டத்தை நெருங்குகிறது, அதனால் நிலவின் மீது சூரியனின் பிடி சற்றே தளர்கிறது, நிலவு விரைகிறது. கணக்கும் நோக்கலும் அழகாகப் பொருந்தின. சிக்கல் தீர்ந்தது என்றே உலகம் நம்பியது.

1853இல் ஜான் ஆடம்ஸ் அக்கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். லாப்பிளாஸ் விட்டுவிட்ட சில உறுப்புகளைச் சேர்த்தபோது, கிடைத்த விடை பாதியாகக் குறைந்தது. அழகாகப் பொருந்தியது தற்செயலே! பிரான்சில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இறந்துபோன மேதையின் பெயர் ஒரு தட்டிலும், உயிரோடிருந்தவரின் கணக்கு மறு தட்டிலும் வைக்கப்பட்டன. பிரெஞ்சுக்காரரான தெலோனேயே தனியாகக் கணித்து, ஆடம்ஸ் கூறியதே சரி என்றார். பெயரின் எடையைக் கணக்கின் எடை வென்றது.

அப்படியானால் மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? 1865இல் தெலோனே சொன்ன விடை மனித சிந்தனையின் துணிவுகளுள் ஒன்று. பிழை நிலவில் இல்லை. நிலவை அளக்கும் கோலில் உள்ளது. நாம் காலத்தை நாளால் அளக்கிறோம். நாள் என்பதோ நிலவுலகின் ஒரு சுழற்சி. அச்சுழற்சியே தளர்ந்துகொண்டிருந்தால், தளராத பிறவெல்லாம் விரைவதாகத் தோன்றும். தளரச் செய்வது எது? கடலில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதம். நிலவு எழுப்பும் ஓதத்தின் உராய்வு உலகின் சுழற்சிக்குத் தடை போடுகிறது. கான்ட் 1754இலேயே இக்கருத்தைக் கூறியிருந்தார். அன்று அதைத் தாங்கும் கணக்கு இல்லை.

நாளின் நீட்சி நூறாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி வினாடியே. அதைப் பொருட்படுத்துவானேன் என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது நூற்றாண்டுக்கு முன் நாள் 40 மில்லி வினாடி குறுகியிருக்கும். இடைப்பட்ட காலத்தின் சராசரி 20 மில்லி வினாடி. இருபது நூற்றாண்டின் 7,30,500 நாள்களால் பெருக்கினால் 14,610 வினாடி, அதாவது ஏறத்தாழ நான்கு மணி நேரம். கி.மு. 136 ஏப்ரல் 15ஆம் நாள் பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாக ஒரு களிமண் ஏடு கூறுகிறது. உலகம் ஒரே சீராகச் சுழன்றிருந்தால் அக்கிரகணத்தின் நிழல் பாபிலோனுக்கு மேல் விழுந்திருக்கவே முடியாது. மூன்று மணி நேரத்திற்கும் மேற்பட்ட வேறுபாட்டை ஏற்றால்தான் ஏடு உண்மையாகும். 1969இல் அப்பல்லோ 11 பயணத்தார் நிலவில் வைத்துவந்த எதிரொளிப்பான்கள் வேறொரு சான்றைத் தந்தன. சுழற்சியில் உலகம் இழப்பதை நிலவு பெறுகிறது. பெற்று ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று. பழைய ஏடு மதிக்கப்பட்டது, ஆனால் வழிபடப்படவில்லை. அதைச் சான்றுக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு வினவினார்கள். அதனால்தான் ஈராயிரம் ஆண்டு கடந்தும் அது பேசியது.

நம்மிடையே திருத்தியவர்கள்

இத்தகைய ஆய்வு மனம் மேலைநாட்டாருக்கே உரியது என்று கருதினால் அது வரலாற்றுக்குச் செய்யும் வேறொரு தீங்காகும். கிரகணம் என்பது நிழலே என்றும், உலகம் தன்னைத்தானே சுழல்கிறது என்றும் ஆரியபடர் 499இல் எழுதினார். கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களைக் கண்ணால் கண்டு குறித்து, பழைய கணக்கு வானத்தோடு பொருந்தாமையால் 1431இல் 'திருக்கணிதம்' என்னும் திருத்திய முறையைத் தந்தார். திருக் என்றால் காட்சி. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துவரும் கணிதம் என்பது அப்பெயரின் பொருள். அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி, சாத்திரமும் நோக்கலால் அவ்வப்போது திருத்தப்படவேண்டியதே என்று தனி நூலே எழுதி வாதிட்டார். தமிழகத்தில் வழங்கிய வாக்கியகரணம் என்னும் நூலுக்கு உரை கண்ட சுந்தரராசர், தம் ஐயங்களை அந்நீலகண்டருக்கு எழுதி விடை பெற்றார். ஐயம் கேட்க மொழியும் தொலைவும் அவருக்குத் தடையாகவில்லை.

ஆகவே நம்மிடம் வினா இல்லாமலில்லை. வினா ஓரிடத்தில் நின்றுபோயிற்று. விடை மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்பட்டது. 1825இல் சோழிகளை நகர்த்திய அந்தக் கைகள் திறமை மிக்கவை. அவற்றுக்கு விதியைக் கொடுத்தவர்கள் விதியின் காரணத்தைக் கொடுக்கவில்லை. காரணம் தெரியாதவர் பிழையைக் கண்டாலும் எங்கே திருத்துவது என்று அறியார். அக்கணிதரிடம் குறை காண்பதற்கில்லை. மனப்பாடத்தைக் கல்வி என்று கொண்ட முறையில்தான் குறை காணவேண்டும். அம்முறை நம் வகுப்பறைகளை விட்டு இன்னும் நீங்கிவிடவில்லை என்பதை ஆசிரியராகிய நான் சொல்லாமல் இருக்க இயலாது.

நின்ற வினாவை மீண்டும் எழுப்பியவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். 1868இன் முழுச் சூரிய கிரகணத்தை நேரில் ஆராய்ந்தவர். காட்சியோடு பொருந்தும் பஞ்சாங்கம் வேண்டுமென்று, திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874இல் சுக்கிரன் மீண்டும் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் அறியும் பொருட்டு அந்நிகழ்ச்சியை விளக்கி இந்திய மொழிகளிலும் நூல் எழுதினார். லெ ஜாந்திலை மேகம் ஏமாற்றிய அதே நிகழ்ச்சிதான். இம்முறை அதை விளக்கியவர் இந்நாட்டு வானியலார். இன்று வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கமும் நம் கடைகளில் அருகருகே தொங்குகின்றன. இரண்டுக்கும் இடையே நாழிகைகள் வேறுபடும்போது நம்மில் எத்தனைபேர் மாடிக்குச் சென்று வானத்தைக் கேட்கிறோம்?

நிறைவாக

சங்கப் பாடல்களில் பாம்பு விழுங்கிய திங்கள் உவமையாக வருகிறது. கிரகணம் நிழலென்று தெரிந்தபின் அவ்வுவமையின் அழகு சிறிதும் குறையவில்லை. உவமைக்கு வேண்டுவது உள்ளத்தின் உண்மை. கணக்கிற்கு வேண்டுவது வானத்தின் உண்மை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் இரண்டும் கெடுகின்றன. முன்னோர் கணக்கை உவமைபோல் போற்றினோம். அதனால் அதைச் சோதிக்க மறந்தோம்.

அம்மாணவி இன்று எங்கிருக்கிறாள் என்று நான் அறியேன். அவளைக் காண நேர்ந்தால் இவ்வாறு கூறுவேன்: "அம்மா, நீ கேட்டது சரி. மற்றொரு கிரகணத்தில் கணக்கு 52 நிமிடம் தவறியது. ஆயினும் 248 நாளில் நிலவைச் சொற்களுக்குள் அடக்கிய அறிவு பெரிது. அந்த அறிவுக்குச் செய்யும் மரியாதை கைதட்டலன்று, நீ கேட்ட வினாவே." வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் இன்னும் 123 முழுநிலவுகள் வரும். அவற்றுள் சிலவற்றை உலகின் நிழல் தீண்டும். அந்த இரவுகளில் நம் கூட்டம் கவிதையோடு ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடைபெறட்டும். நிழல் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். பஞ்சாங்கங்களை விரித்து ஒப்பிடுவோம். பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் செய்ததை நாம் பத்தாண்டேனும் செய்வோம்.